வெளிநாட்டு ஆலை பக்கத்தில் வந்தால் நம் பட்டறைக்கு என்ன ஏறும்?

தடா லேத்:

எல்லாருக்கும் வணக்கம். ஆரம்பாக்கம் பக்கத்தில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். வீடு ஆந்திராவில் தடாவில், ஷாப் எல்லைக்கு இந்தப்புறம் தமிழ்நாட்டில். புஷ், பின், ஸ்பேசர், ஃபிளாஞ்ச் என்று உருட்டுச் சாமான்தான் ஓட்டுவது, பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்.

2008இல் தடா பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்ததிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே பேச்சு. வெளிநாட்டு முதலீடு வரும், ஏற்றுமதி பெருகும், வட்டாரம் முழுக்க உற்பத்தித்திறன் தானாக ஏறும் என்கிறார்கள். முதலீடு வந்தது உண்மை, கண்ணால் பார்க்கிறோம். இசுசூ வண்டி அங்கே தயாராகிறது, கொபெல்கோ எக்ஸ்கவேட்டர் தயாராகிறது, ஆல்ஸ்டாம் செய்த பெட்டிகள் கப்பலேறிப் போய் சிட்னி மெட்ரோவில் ஓடுகின்றன. மாம்பட்டில் தைவான்காரர்கள் அடிடாஸுக்கு ஷூ செய்கிறார்கள். ஆனால் வேலிக்கு இந்தப்புறம் என் ஷாப்பில் ஒரு ஆள் ஒரு ஷிஃப்டில் எடுக்கும் பீஸ் எண்ணிக்கை ஏறியது, நான் கடன் வாங்கி ரெண்டாவது சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) போட்டபோதுதான்.

அந்தத் 'தானாக' எப்படி நடக்கும் என்று யாராவது விவரமாகச் சொல்லுங்கள். ஏற்றுமதி செய்வதால் ஆலை திறமையாகிறதா, ஏற்கெனவே திறமையாக இருக்கும் ஆலைதான் ஏற்றுமதிக்குப் போகிறதா? முதலாளி வெளிநாட்டுக்காரர் என்பதால் எனக்கு என்ன வருகிறது?


கணக்கு வாத்தியார்:

சித்தூர்ப் பக்கம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன் சார், வருஷா வருஷம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் விஷயம் இது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஆளுக்கு இவ்வளவு மதிப்புக்கூட்டல் என்று பார்ப்பது ஒரு கணக்கு. அது எந்திரம் வாங்கினாலே ஏறிவிடும், உங்கள் ரெண்டாவது சிஎன்சி அந்த வகை. ஆள், எந்திரம், சரக்கு எல்லாவற்றுக்கும் பங்கு ஒதுக்கிய பிறகும் மிச்சமாக நிற்கிற திறமை இருக்கிறதே, அதை மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்பார்கள். கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

உங்கள் முதல் கேள்விக்கு 1990களில் கிடைத்த பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பெர்னார்ட், ஜென்சன் என்ற இருவர் அமெரிக்க ஆலைகளின் கணக்கை வருடவாரியாக எடுத்துப் பார்த்தார்கள். ஏற்றுமதி செய்யும் ஆலைகள் பெரியவை, அதிகக் கூலி கொடுப்பவை, திறமையானவை. ஆனால் அந்தத் திறமை ஏற்றுமதிக்குப் போவதற்கு முன்பே அவற்றிடம் இருந்தது, போன பிறகு திறமை ஏறும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. 1998இல் கிளெரிடிஸ், லாக், டிபௌட் மூவரும் கொலம்பியா, மெக்சிகோ, மொராக்கோ ஆலைகளைப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான். வெளிச் சந்தைக்குள் நுழையவே ஒரு செலவு இருக்கிறது. சாம்பிள் அனுப்ப வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும், பையரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்கள்தான் உள்ளே போகிறார்கள். 2003இல் மெலிட்ஸ் இதையே ஒரு முழுக் கோட்பாடாக எழுதினார்.

அதே சமயம், தனி ஆலை மாறாமலேயே நாட்டின் சராசரி ஏறலாம். சிலியில் 1979 முதல் 1986 வரை உற்பத்தித் துறையின் மொத்தத் திறன் 19 சதவீதம் ஏறியது என்று பாவ்ச்னிக் கணக்கிட்டார். அதில் மூன்றில் இரண்டு பங்கு, திறமை குறைந்த ஆலைகளிடமிருந்து திறமையான ஆலைகளுக்கு உற்பத்தி கைமாறியதால் வந்தது. சராசரி ஏறும், சின்ன ஷாப்புகள் மூடும். ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.


ஆம்பூர் அப்பர்:

வாத்தியார் சார், அமெரிக்காவுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் ஊருக்கு ஒத்துவராது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, இந்த ஆந்திர எல்லையோர வட்டாரம் முழுக்க ஏற்றுமதியால்தான் தொழில் கற்றது. தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் பாதி வேலை முடிந்த சரக்காகக் கப்பலேறும், மிச்ச வேலையும் மிச்ச லாபமும் ஐரோப்பாவில். 1972இல் சீதாராமய்யா கமிட்டி சொன்னதை வைத்து 1973இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, பாதி பதனிட்ட தோலுக்கும் அளவு வைத்தார்கள். அப்புறம்தான் முடித்த தோல், அதற்கப்புறம் அப்பர் (ஷூவின் மேல்பாகம்), அதற்கும் அப்புறம் முழு ஷூ. முதலாளிகள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள், நம் மாவட்டத்து மனிதர்கள்.

1989இல் ஜெர்மனி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பி.சி.பி. மருந்து கலந்த தோல் வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. 1994இல் அசோ சாயம் சிலவற்றுக்குத் தடை. அப்போது அடையாறு சி.எல்.ஆர்.ஐ. (மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம்) விஞ்ஞானிகள் மாற்று மருந்து, மாற்றுச் சாயம் கண்டுபிடித்துக் கொடுக்க, டேனரிகள் மொத்தமாக மாறின. 1996இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து சுத்திகரிப்பு நிலையம் இல்லாத டேனரி நடத்த முடியாது என்று ஆனது. பாலாற்றுக்கு ஆன கேட்டை நான் மறைக்கவில்லை, அது தனியாகப் பேச வேண்டிய வயிற்றெரிச்சல். ஆனால் தொழில்நுட்பம் மாறியது என்னவோ வெளிநாட்டுப் பையரும் கோர்ட்டும் பிடித்த பிடியில்தான். உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் செருப்பு தைத்திருந்தால் அந்த மருந்து இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும்.

லைனில் என்ன நடக்கும் என்று ஒன்று சொல்கிறேன். நான் அப்பர் லைனில் சூப்பர்வைசராக இருந்தவன். மடித்துத் தைக்கிற ஓரத்தை ஸ்கைவிங் மெஷினில் சீவி மெலிதாக்குவோம், இல்லாவிட்டால் மடிப்பு புடைத்துக்கொள்ளும். எங்கள் லைனில் பீஸ் திரும்பத் திரும்ப ரீஒர்க்குக்கு வந்தது. தைக்கிற பெண்கள்தான் சரியில்லை என்று மேலிருந்து திட்டு. பையர் பக்கத்து டெக்னீஷியன் ஒருவர், இத்தாலிக்காரர், வந்தார். தையல் பக்கமே அவர் பார்க்கவில்லை. மடிப்பைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்து ஸ்கைவிங் மெஷினில் நின்றுவிட்டார். தடிப்பு வேறுவேறான தோலை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புகிறீர்கள், கத்தியைச் சாணை பிடிக்க நேரம் குறித்து வைக்கவில்லை, தையல்காரர் என்ன செய்வார் என்று கேட்டார். அன்றிலிருந்து கட்டிங்கிலேயே கேஜ் வைத்துத் தடிப்பு பார்த்துப் பிரித்தோம். ஒரு ஜோடிக்கு வேண்டிய பீஸ் எல்லாம் ஒரே தோலிலிருந்து ஒரே கட்டாகப் போனது. ரீஒர்க் மேஜையில் உட்கார்ந்திருந்த ஆட்களை லைனுக்கு எடுத்துக்கொள்ள முடிந்தது. புது மெஷின் ஒன்றுகூட வாங்கவில்லை.

வாத்தியார் சொல்கிற அந்த 'மிச்சம்' இதுதானே? இது ஏற்றுமதி ஆர்டரோடு வந்தது.


நகரி பாவு:

ஆம்பூர் அண்ணனுக்குப் பையர் லைன்வரை வந்தார். எங்களுக்கு வருவதில்லை.

நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். எங்கள் துணியிலும் கொஞ்சம் ஏதோ ஒரு வழியில் வெளிநாடு போகிறது என்று வியாபாரி சொல்கிறார். எந்த நாடு, யார் வாங்குகிறார், எதற்காக ஒரு பீஸைக் கழித்தார் என்பது எதுவும் எங்களுக்குத் தெரியாது. பாவும் ஊடையும் அவர் கொடுப்பது, மீட்டருக்கு இவ்வளவு கூலி, இழை அறுந்த இடம் இருந்தால் பிடித்தம், அவ்வளவுதான். எங்கள் அப்பா ஓட்டிய தறியையே ஓட்டுகிறேன், அதே வேகம், அதே சாமான். ஏற்றுமதிக் கணக்கில் எங்கள் துணியும் இருக்கும்போல, ஆனால் தறியில் ஒரு மாற்றமும் இல்லை.

அதனால் 'ஏற்றுமதி' என்று ஒரே பெயர் சொல்லிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன். நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.


கணக்கு வாத்தியார்:

பாவு சொன்னது முக்கியமான இடம். ஆம்பூர் அண்ணன் சொன்னதற்கும் இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது, என் முதல் பதிவில் அதுவரை போகவில்லை.

எகிப்தில் ஃபோவா என்று கம்பள நெசவு ஊர். அங்கே அட்கின், கண்டேல்வால், ஒஸ்மான் மூவரும் நெசவாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் பணக்கார நாடுகளுக்குப் போகும் ஆர்டர் கிடைக்கச் செய்தார்கள். குலுக்கல் என்பதால் திறமையானவன்தான் ஏற்றுமதிக்குப் போனான் என்ற வாதம் அங்கே எடுபடாது. 2017இல் வெளியான முடிவு: ஆர்டர் கிடைத்தவர்களின் லாபம் 16 முதல் 26 சதவீதம் கூடியது. கவனியுங்கள், மணிக்கு எத்தனை சதுர மீட்டர் என்று பார்த்தால் அவர்கள் வேகம் குறைந்திருந்தது, ஏனென்றால் நெய்தது கஷ்டமான நுணுக்கச் சரக்கு. பிறகு எல்லாரையும் ஒரே தறியில், ஒரே நூலில், ஒரே உள்ளூர் டிசைன் நெய்யச் சொன்னார்கள். ஏற்றுமதி பழகியவர்கள் அதே நேரத்தில் மேலான தரத்தில் நெய்தார்கள். வாங்குபவர் சொன்ன குறையை நடுவில் நிற்கும் வியாபாரி நெசவாளியிடம் கொண்டுவந்து பேசப் பேச, எந்தக் குறையைப் பேசினார்களோ அந்த அம்சத்திலேயே தரம் ஏறியது என்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். பாவு, உங்களுக்கு வராமல் போனது அந்தப் பேச்சுதான்.

ஸ்லொவேனிய ஆலைகளை வைத்து டி லோக்கர் 2007இல் எழுதியதும், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க ஆலைகளை வைத்து வான் பீஸ்ப்ரூக் 2005இல் எழுதியதும் ஏற்றுமதிக்குள் நுழைந்த பிறகு திறன் ஏறுகிறது என்றே சொல்கின்றன. நாடு எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ, வெளிச் சந்தையில் கற்க அவ்வளவு அதிகம் இருக்கிறது. அமெரிக்க ஆலைக்குக் கற்க அவ்வளவு இல்லை. என் வாசிப்பு இது.

இன்னொன்று நம் பேச்சுக்கு நேராகப் பொருந்தும். கனடா ஆலைகளை வைத்து பால்ட்வின், கு இருவரும் 2003இல் செய்த ஆய்வில், ஏற்றுமதிக்குள் நுழைவதால் வரும் திறன் உயர்வு வெளிநாட்டார் கையில் உள்ள ஆலைகளைவிட உள்நாட்டார் கையில் உள்ள ஆலைகளில்தான் அதிகம் என்று வந்தது. வயதில் இளைய ஆலைகளிலும் அதிகம். வெளிநாட்டு ஆலைக்குத் தாய்க் கம்பெனியிடமிருந்து வித்தை முன்பே வந்துவிடுகிறது, ஏற்றுமதி புதிதாக ஒன்றும் சொல்லித் தருவதில்லை. உள்ளூர்க்காரருக்கு அந்தக் கதவு ஏற்றுமதியில்தான் திறக்கிறது. அமெரிக்காவோடு 1989இல் வந்த ஒப்பந்தத்தால் ஏற்றுமதிக்குப் போன கனடா ஆலைகளை லிலீவா, டிரெஃப்ளர் பார்த்தபோதும், முன்பு திறன் குறைவாக இருந்த சில ஆலைகள்தான் புதுத் தொழில்நுட்பத்தில் பணம் போட்டு அதிகம் ஏறின.


பழைய சிப்காட்:

அப்படியானால் வெளிநாட்டு முதலாளியே வேண்டாம் என்கிறீர்களா வாத்தியாரே? ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஹூண்டாய் 1998இல் கார் எடுக்க ஆரம்பித்த காலத்துக்கு முன்னாலும் பின்னாலும் அந்தச் சாலையைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆலை நேரத்துக்குச் சரக்கு வேண்டும் என்று நின்றால் சுற்றி ஐம்பது மைலுக்குப் பழக்கம் மாறுகிறது. லாரிக்காரர்கூட மணி பார்க்கிறார்.


கணக்கு வாத்தியார்:

வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. எந்த வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி.

வெளிநாட்டார் வாங்கிய ஆலையே திறமையாகிறதா என்றால், ஆகிறது. இந்தோனேசியாவில் அர்னால்ட், யவோர்சிக் பார்த்ததில், வெளிநாட்டார் கைக்கு மாறிய ஆலைகளின் திறன் மூன்று ஆண்டில் 13.5 சதவீதம் மேலே நின்றது. நல்ல ஆலையைத்தான் பொறுக்கி வாங்குகிறார்கள் என்பதையும் கழித்துவிட்டு வந்த கணக்கு அது.

பக்கத்து ஆலைக்கு என்ன ஆகிறது என்றால் கதை மாறுகிறது. வெனிசுவேலாவில் ஐட்கென், ஹாரிசன் பார்த்ததில், அதே தொழிலில் இருந்த உள்நாட்டு ஆலைகளின் திறன் குறைந்தது. ஆர்டர் பறிபோனதால் அதே வாடகையும் அதே எந்திரமும் குறைந்த சரக்கின் தலையில் ஏறின. லித்துவேனியாவில் யவோர்சிக் 2004இல் வேறு திசையில் பார்த்தார். வெளிநாட்டு ஆலைக்குச் சரக்கு கொடுக்கும் தொழில்களில் இருந்த உள்நாட்டு ஆலைகளின் திறன் ஏறியிருந்தது. அதுவும் கூட்டு முதலீடு இருந்த இடத்தில்தான் தெரிந்தது, முழுக்க வெளிநாட்டார் கையில் இருந்த இடத்தில் தெரியவில்லை. கோஸ்டா ரிகாவில் பன்னாட்டு ஆலைக்கு முதல் முறை சரக்கு கொடுத்த உள்ளூர்க் கம்பெனிகளை அண்மையில் பார்த்தார்கள். நான்கு ஆண்டுக்குப் பிறகு ஆட்களின் எண்ணிக்கை 26 சதவீதம் கூடியிருந்தது, மொத்தக் காரணி உற்பத்தித்திறன் 4 முதல் 9 சதவீதம் ஏறியிருந்தது.

தடா சார், உங்கள் 'தானாக' என்ற சொல் இங்கேதான் அடிபடுகிறது. ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றும் வராது. பில் போட்டுச் சரக்கு கொடுத்தால்தான் வரும்.


சத்தியவேடு 3வது ஷிஃப்ட்:

நான் ஸ்ரீசிட்டிக்கு உள்ளே வேலை பார்க்கிறவள், கம்பெனி பெயர் வேண்டாம். வேலை என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான், அதை மறுக்க மாட்டேன். லைன் தலையில் போர்டு இருக்கும், மணிக்கு இவ்வளவு என்று. குறைந்தால் ஏன் குறைந்தது என்று அந்த மணியிலேயே எழுத வேண்டும், ஷிஃப்ட் முடிந்த பிறகு எழுத விடமாட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் புரிந்தது, சாயங்காலம் எழுதினால் எல்லாருமே 'மெஷின் கோளாறு' என்றுதான் எழுதுவோம். அந்த மணியில் எழுதினால் 'டிரே வரவில்லை', 'ஸ்க்ரூ பிட் தேய்ந்தது' என்று உண்மைக் காரணம் வரும்.

ஆனால் என்னைச் சுற்றியுள்ள முக்கால்வாசிப் பேர் கான்ட்ராக்ட். ஆறு மாதம், எட்டு மாதம், அப்புறம் ஊருக்குப் போய்விடுவார்கள், புது ஆள் வரும். ஒரு ஸ்டேஷன் மட்டும் தெரிந்துகொண்டு போகிறவள் வெளியே எதை எடுத்துப் போவாள்? மெயின்டனன்ஸில் இருக்கும் பையன்கள், லைன் லீடர்கள், குவாலிட்டிக்காரர்கள், இவர்கள் கையில்தான் வித்தை நிற்கிறது. அவர்களில் ஒருவர் வெளியே வந்து தடா அண்ணன் ஷாப் மாதிரி ஓர் இடத்தில் சேர்ந்தால் அந்த ஷாப் மாறும். ஆனால் சின்ன ஷாப்பில் சம்பளமும் பி.எஃப்.பும் பஸ்ஸும் யார் தருவார்கள்? எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பஸ் இல்லாவிட்டால் வேலையே இல்லை. இதையும் சேர்த்துப் பேசுங்கள்.


நகரி பாவு:

அக்கா, அந்த மணிக்கணக்கு எழுதுகிற விஷயத்தை எங்கள் தறிக்கூடத்தில் செய்து பார்க்கப்போகிறேன். இழை அறுந்தால் எத்தனை மணிக்கு, பாவிலா ஊடையிலா என்று சுவரில் சாக்பீஸால் எழுதினால் போதுமல்லவா?


சத்தியவேடு 3வது ஷிஃப்ட்:

போதும் தம்பி. யார் தறி என்று பெயர் எழுதாதீர்கள், தறி நம்பர் மட்டும் எழுதுங்கள். பெயர் எழுதினால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.


பழைய சிப்காட்:

வாத்தியார் சொன்ன சப்ளை வழி சரி. ஆனால் அந்த வழியும் இங்கே அடைபட்டிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஹூண்டாய் வந்தபோது கொரிய வெண்டர்களையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. பெரிய பாகங்களை அவர்கள் செய்தார்கள், நம் ஆட்களுக்கு ரெண்டாம், மூன்றாம் அடுக்குதான், அதாவது ஆலைக்கு நேராக இல்லாமல் அந்த வெண்டர்களுக்குச் சரக்கு கொடுப்பது. 1997 டிசம்பரில் மத்திய அரசு ஒரு விதி போட்டது: கார் கம்பெனிகள் மூன்றாம் ஆண்டுக்குள் 50 சதவீதம், ஐந்தாம் ஆண்டுக்குள் 70 சதவீதம் உள்நாட்டுச் சரக்கு சேர்க்க வேண்டும் என்று. உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வழக்குப் போட்டு, அந்த விதி போய்விட்டது. அந்த மாதிரி விதியை இனி எழுத முடியாது.

நோக்கியாவை மறக்க முடியுமா? 2006இல் உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பரில் நின்றது. வரித் தகராறு ஒரு காரணம், ஸ்மார்ட்போன் வந்து அந்தச் சரக்கே செல்லாமல் போனது இன்னொரு காரணம். சுற்றியிருந்த சப்ளையர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள்தான், ஒரே வேலிக்குள் இருந்தார்கள். ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆலையில் ஒரு ஆளுக்கு விழுந்த உற்பத்திக் கணக்கைப் பார்த்திருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும். உள்ளூரில் வேர் பிடித்தது குறைவு.

இன்னொரு பக்கம் பாருங்கள். சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் இங்கிலாந்து ஆலையிலிருந்து ரேடியேட்டர் மூடி செய்யும் எந்திரங்களை வாங்கி வந்து சென்னையில் போட்டு, அவர்களுக்கே மூடி ஏற்றுமதி செய்தது. சுந்தரம் கிளேட்டன் 1998இல் தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் முதல் கம்பெனி அது. இவர்களிடம் கற்ற வெண்டர்கள் பாடியிலும் அம்பத்தூரிலும் எத்தனை பேர்! உள்நாட்டு முதலாளி, வெளிநாட்டுப் பையர், கண்டிப்பான தரம். என் கண்ணுக்கு இந்தச் சேர்க்கைதான் வட்டாரத்தை மாற்றியது.


ஆம்பூர் அப்பர்:

ஐயா சொன்னதோடு எங்கள் ஊர்க் குறையையும் சேர்க்கிறேன். ஏற்றுமதி சொல்லித் தரும், ஆனால் ஓர் இடம்வரைதான். அப்பர் தைக்கிறவன் அப்பரை நன்றாகத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். டிசைன் மிலானில், பிராண்டு ஜெர்மனியில், கடை லண்டனில். அதைக் கற்றுக்கொடுக்க எந்தப் பையருக்கும் அவசரம் இல்லை. ஜோடிக்கு அரை டாலர் குறைக்கச் சொல்வதில்தான் அவசரம்.

நம் அரசாங்கமும் கையைக் கட்டியது. 2001 வரை தோல் ஷூ சிறுதொழிலுக்கு ஒதுக்கிய பட்டியலில் இருந்தது. பெரிதாக வளர வேண்டியவர்கள் தம்பி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று என்று யூனிட்டைப் பிரித்து வைத்தார்கள். ஏற்றுமதிக் கடமை ஏற்றால் விலக்கு உண்டுதான், ஆனால் உள்ளூருக்கும் விற்று, வெளியேயும் விற்று, அளவில் பெரிதாவது முடியவில்லை. ஒரு கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான பேரை வைத்து ஓட்டும் தைவான் கம்பெனிகள் செய்யாறிலும் மாம்பட்டிலும் வந்து இறங்கியபோதுதான் அளவு என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது. அவர்கள் செய்வது பெரும்பாலும் தோல் இல்லாத ஸ்போர்ட்ஸ் ஷூ, நேர்ப் போட்டி இல்லை. ஆனால் ஆட்களுக்குப் போட்டி உண்டு.


தடா லேத்:

எல்லாவற்றையும் படித்தேன், ரொம்ப நன்றி. இப்போது எனக்கு ஒரு விஷயம் ஓடுகிறது.

கும்மிடிப்பூண்டியில் என் பெரிய கஸ்டமர் உள்நாட்டுக் கம்பெனி, வெளிநாட்டு ஆலை ஒன்றுக்கு முதல் அடுக்கு வெண்டர். அவர்கள் குவாலிட்டி ஆள் ஒருவர் என் ஷாப்புக்கு வந்தபோது டூல் மாற்றுவதற்கு என் பையன்கள் எடுக்கும் நேரத்தை வாட்ச் வைத்துப் பார்த்தார். பீஸைப் பிடிக்கும் ஜா மாற்ற, டூல் செட் பண்ண, முதல் பீஸ் அளக்க, திரும்ப ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போட என்று முக்கால் மணி நேரம் ஓடியது. அடுத்த ஜாபுக்கு வேண்டிய சாஃப்ட் ஜா, டூல், கேஜ் மூன்றையும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிராலியில் எடுத்து வைக்கச் சொன்னார். இப்போது செட்டிங் இருபது நிமிஷத்துக்குள் முடிகிறது. ரெண்டாவது சிஎன்சி மட்டும்தான் காரணம் என்று மேலே எழுதினேன், இதையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இது காசு இல்லாமல் வந்தது. சின்ன லாட் ஜாப் எடுக்கப் பயந்துகொண்டிருந்தேன், இப்போது எடுக்கிறேன்.

வாத்தியார் சொன்ன வழி என் ஷாப்பில் நடந்தேதான் இருக்கிறது, ஒரு அடுக்கு தள்ளி. ஆனால் நேராக வேலிக்குள் சரக்கு கொடுக்கலாம் என்று ஓர் ஆலைக்கு விண்ணப்பித்தபோது வெண்டர் ஆடிட்டுக்குக்கூட வரவில்லை. ஃபார்ம் அனுப்பினார்கள், டர்ன்ஓவர் எவ்வளவு, சான்றிதழ் இருக்கிறதா, தாய்க் கம்பெனியின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறீர்களா என்று. அந்தப் பட்டியல் வேறு நாட்டில் தயாராகிறது. வாங்கும் அதிகாரம் இங்கே இருக்கும் மேனேஜருக்கு இல்லை.


கணக்கு வாத்தியார்:

அதுதான் சார் நான் கூட்டங்களில் கேட்கச் சொல்லும் கேள்வி. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் சொல்கிறார்கள். வாங்கும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, இந்த வட்டாரத்தில் எத்தனை பட்டறைக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போனது என்று கேளுங்கள். ரெண்டு மாநிலமும் நிலம், மின்சாரம், வரிச் சலுகை என்று போட்டி போடுகின்றன. அதில் ஒரு சின்னப் பங்கை எடுத்து எல்லைக்கு இருபுறமும் உள்ள பட்டறைகளுக்குப் பொதுவாக ஓர் அளவீட்டுக்கூடம் வைத்தால், கேஜ் காலிபரேஷனுக்கு (அளக்கும் கருவியைச் சரிபார்க்க) ஒவ்வொரு முறையும் நீங்கள் சென்னைவரை போக வேண்டியதில்லை. உள்நாட்டுச் சரக்கு இவ்வளவு வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி போட முடியாது, பழைய சிப்காட் ஐயா சொன்னது சரி. பட்டறையைத் தயார்படுத்துவதை யாரும் தடுக்கவில்லை.


பழைய சிப்காட்:

தடா தம்பி, நேரடி வெண்டராவது அப்புறம். முதலில் உங்கள் முதல் அடுக்குக் கஸ்டமரிடம் பிபிஏபி ஃபைல் (பாகத்தை ஏற்க வாங்குபவர் கேட்கும் ஆவணத் தொகுப்பு) முழுசாகப் போடுகிற ஒரு பாகம் கேளுங்கள், விலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு பாகம். அதற்கு கன்ட்ரோல் பிளான், அளவு ரிப்போர்ட், கேஜ் ஸ்டடி (அளக்கும் கருவியையும் ஆளையும் எவ்வளவு நம்பலாம் என்ற சோதனை) எல்லாம் எழுதிப் பழகினால் அடுத்த கம்பெனிக்குக் காட்ட உங்கள் கையில் காகிதம் இருக்கும். கேஜ் ஸ்டடியில்தான் எல்லாரும் மாட்டுவார்கள்.


தடா லேத்:

கேஜ் ஸ்டடி என்றால் மூன்று ஆள், பத்து பீஸ், திரும்பத் திரும்ப அளப்பதுதானே ஐயா? என்னிடம் இருப்பது டிஜிட்டல் மைக்ரோமீட்டர் ஒன்று, 20 மைக்ரான் (0.02 மி.மீ.) டாலரன்ஸ், அதாவது அவ்வளவுதான் அளவு விலகலாம் என்ற வேலைக்கு அது போதுமா?


பழைய சிப்காட்:

மைக்ரோமீட்டர் ஒரு மைக்ரான் காட்டும், ஆனால் ஆளுக்கு ஆள் இறுக்கும் விதத்தில் மூன்று நாலு மைக்ரான் போய்விடும், அந்த டாலரன்ஸுக்கு ஸ்டடியில் இடிக்கும். வெளிவிட்டம்தான் என்றால் பீஸைக் கவ்வி அளவு பார்க்கும் ஸ்நாப் கேஜில் டயல் வைத்தது ஒன்று வாங்குங்கள், அளவு சரிபார்க்கும் மாஸ்டர் பீஸோடு. ஸ்டடிக்குப் பீஸ் எடுக்கும்போது ஒரே நேரத்தில் ஓடிய பத்தை எடுக்காதீர்கள், ஷிஃப்ட் முழுக்கப் பரவலாக எடுங்கள். டிராயிங்கின் ஃபோட்டோவை, கஸ்டமர் பெயரை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.